உள்ளூரில் மெத்தை செய்பவரிடம் வாங்கும்போது எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: பெரிய பிராண்டு வேண்டாம், பக்கத்தில் மெத்தை தயாரிப்பவரிடமே வாங்கலாம் என்று எண்ணம். சீக்கிரம் பள்ளம் விழக்கூடாது, முதுகைத் தாங்க வேண்டும். எப்படிப் பார்த்து எடுப்பது?

உள்ளூர்த் தயாரிப்பாளரிடம் போவதில் உள்ள பெரிய லாபம் விலை அல்ல. உள்ளே என்ன வைத்தார் என்பதைச் செய்தவரிடமே கேட்கலாம், பில்லில் எழுதி வாங்கலாம், உறையின் ஜிப்பைத் திறந்து கண்ணாலும் பார்க்கலாம். இந்த மூன்றையும் செய்யாமல் 'நல்லதா ஒண்ணு காட்டுங்க' என்று வாங்கி வருவதானால் பிராண்டு மெத்தைக்கே போயிருக்கலாம். அங்கே ஒரு வாரண்டி அட்டையாவது கையில் இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கெட்டி, தாங்கல், அடர்த்தி என்ற மூன்றையும் கடைகளில் ஒரே பொருளில் பேசுவார்கள். மூன்றும் வேறு வேறு. கையால் அழுத்தும்போது முதலில் உணர்வது கெட்டி. இடுப்பும் தோளும் தேவையான அளவு இறங்கிய பிறகு, அதற்குமேல் இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது தாங்கல். ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை அடர்த்தி. அது பெரும்பாலும் ஆயுளைச் சொல்லும், கெட்டியைச் சொல்லாது. ஒரே 32 அடர்த்தியில் பஞ்சுபோல ஒரு ஃபோமும் பலகைபோல இன்னொன்றும் செய்ய முடியும். 'டென்சிட்டி கூடினால் முதுகுக்கு நல்லது' என்று விற்பவர் சொன்னால், அவர் பாதியைத்தான் சொல்கிறார்.

கெட்டித்தன்மைக்கு ஆலைகளில் ஐஎல்டி என்று ஓர் எண் உண்டு. 50 சதுர அங்குலப் பரப்புள்ள வட்டத் தட்டால் ஃபோமை அழுத்துவார்கள். அதன் உயரத்தில் கால் பங்கு அமுங்க எத்தனை பவுண்டு விசை தேவைப்படுகிறதோ அதுவே அந்த எண். இன்னும் அழுத்தி 65 சதவீதம் அமுங்கும்போது தேவைப்படும் விசையை முதல் விசையால் வகுத்தால் தாங்கல் விகிதம் கிடைக்கும். சாதாரண பாலியூரித்தேன் ஃபோமில் இது 2-க்குப் பக்கத்தில் நிற்கும். ஹெச்ஆர் என்கிற உயர் மீள்திறன் ஃபோமில் 2.4-க்கு மேல் போகும். ரப்பர் பாலை நுரைக்கவைத்துச் செய்யும் லேடெக்ஸில், நல்லதாக இருந்தால், இன்னும் கூடுதல். மேலே மிருதுவாக இருந்தும் உள்ளே போகப்போக இறுகுகிற குணம் இந்த விகிதத்தில்தான் தெரியும். பலர் தேடுகிற மெத்தை இதுதான், ஆனால் 'ஹார்டு வேணும்' என்று கேட்டு வேறொன்றை வாங்கிவிடுகிறார்கள்.

முதுகுவலிக்கு மிகக் கெட்டியான மெத்தையே மருந்து என்ற நம்பிக்கையையும் தள்ளிவைக்கலாம். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரைக் கொண்டு ஸ்பெயினில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலியும் அதனால் வரும் முடக்கமும் அதிகம் குறைந்திருந்தன. தரைபோல விறைப்பான மெத்தையில் பக்கவாட்டில் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் இறங்க இடமிருக்காது. நடுவில் முதுகெலும்பு வளைந்து தொங்கும். மெத்தை மிக மிருதுவாக இருந்தாலும் முதுகெலும்பு வளையும்.

இனி அடர்த்திக் கணக்கு. சாதாரண ஃபோமில் கனமீட்டருக்கு 24 கிலோவுக்குக் கீழே இருப்பது எப்போதாவது வரும் விருந்தாளி படுக்கும் மெத்தைக்குத்தான் சரி. தினம் படுக்க 28 முதல் 32 வரை வேண்டும். 90 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர் 35-லிருந்து 40 வரை கேட்பது நல்லது. உடல் சூட்டில் இளகி, அழுத்தினால் மெதுவாக எழும் மெமரி ஃபோமுக்கு அளவுகோலே வேறு: 48-க்குக் கீழே சீக்கிரம் தளரும், 50-லிருந்து 65 வரை போதும். 80 நீடித்து உழைக்கும், ஆனால் சூட்டைப் பிடித்து வைக்கும், புரண்டு படுக்க மெனக்கெட வேண்டும். லேடெக்ஸ் 65-லிருந்து 85 வரை. துண்டு ஃபோமை நொறுக்கி ஒட்டிய ரீபாண்டட் 80, 100 என்று போகும். அந்த 100-ஐயும் லேடெக்ஸின் 75-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. சில நாட்டு ஆலைகள் அடர்த்தியைக் கன அடிக்கு இத்தனை பவுண்டு என்று தரும். அதை 16-ஆல் பெருக்கினால் கிலோக் கணக்கு வந்துவிடும்.

சொன்ன அடர்த்தி உண்மையா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு தராசும் அளவு நாடாவும் போதும். 190 செ.மீ. நீளம், 150 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 2.85 சதுர மீட்டர். உள்ளே 12 செ.மீ. ஹெச்ஆர் ஃபோம் 40 அடர்த்தி, அதன்மேல் 5 செ.மீ. லேடெக்ஸ் 70 அடர்த்தி என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபோமின் கனஅளவு 0.342, எடை சுமார் 13.7 கிலோ. லேடெக்ஸின் கனஅளவு 0.1425, எடை சுமார் 10 கிலோ. உறை இரண்டு மூன்று கிலோ. ஆக மெத்தை 26 கிலோ அளவில் இருக்க வேண்டும். தராசு 18 காட்டினால் எங்கோ ஒரு அடுக்கில் கை வைத்திருக்கிறார்கள். ஒரு கிலோ, இரண்டு கிலோ வித்தியாசத்துக்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஃபோம் வெட்டுவதில் அவ்வளவு முன்பின் வரும்.

எடையிலும் ஏமாற்ற வழி இருக்கிறது. ஃபோம் ஊற்றும்போது சுண்ணாம்புத் தூள் கலந்தால் அடர்த்தி எண் ஏறும், தரம் இறங்கும். வெட்டிய ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவுபோல ஒட்டினால் சந்தேகப்படலாம். ஒரு துண்டை முஷ்டியில் நன்றாகக் கசக்கி விடுங்கள். நல்ல ஃபோம் உடனே பழைய வடிவத்துக்கு வரும். தூள் நிறைந்தது சோம்பலாக எழும், மடித்த இடத்தில் கோடு நிற்கும். மெமரி ஃபோம் மெதுவாக எழுவது அதன் இயல்பு, அதை இந்தச் சோதனையில் சேர்க்கக்கூடாது. தயாரிப்பாளரிடம் ஒவ்வொரு அடுக்கிலும் உள்ளங்கை அகலத் துண்டு கேளுங்கள். வெட்டு மீதி அவரிடம் குவிந்துதான் கிடக்கும். அதைக்கூடத் தர மறுப்பவரிடம் மெத்தை வாங்க வேண்டாம்.

மெத்தை எங்கே முதலில் கெடுகிறது என்று தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். மூன்று வருடத்தில் பள்ளம் விழுந்த ஒரு மெத்தையைப் பிரித்தால் அடியில் உள்ள கெட்டி அடுக்கு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். செத்துப்போயிருப்பது மேலே உள்ள 4, 5 செ.மீ. மெது ஃபோம். இடுப்பு படும் இடத்தில் அதை இரு விரலுக்கு இடையில் பிடித்துப் பார்த்தால் காகித அட்டைபோல மெலிந்திருக்கும். கால் பக்கத்தில் அதே ஃபோம் புத்தம் புதிதாய் இருக்கும். உடம்பின் அசைவும் சூடும் வியர்வையும் மேல் அடுக்கில்தான் விழுகின்றன. அப்படியிருக்க, பல இடங்களில் அடிக்கு 40 அடர்த்தி போட்டுவிட்டு, மேலே உறையோடு சேர்த்துத் தைக்கும் குயில்டிங்கில் 16, 18 அடர்த்தி ஃபோமையும் பாலியஸ்டர் பஞ்சையும் கொழுக்க அடைக்கிறார்கள். கடையில் உட்கார்ந்ததும் 'ஆஹா' என்று தோன்ற வைப்பது அதுதான். ஆறு மாதத்தில் தட்டையாவதும் அதுதான். குயில்டிங் 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சப்பட்ட பணத்தை மேல் அடுக்கின் தரத்தில் போடச் சொல்லுங்கள்.

இதனால்தான் ஜிப் வைத்த உறையும் முழுக்க ஒட்டாத அடுக்குகளும் கேட்க வேண்டும். மேல் அடுக்கு தளர்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கெட்டியாய்ப் போய்விட்டது என்று தோன்றினாலும் அந்த ஓர் அடுக்கை மாற்றினால் போதும். பிராண்டு மெத்தைகளில் பெரும்பாலும் எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டிவிடுவார்கள், ஓர் அடுக்கு போனால் மொத்தமும் குப்பை. அடுக்குகள் நகருமே என்ற பயம் லேடெக்ஸுக்குத் தேவையில்லை, அதன் பிடிப்பே போதும். ஃபோம்மேல் ஃபோம் என்றால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு சொட்டுப் பசை போதும். பசை நீரில் கரைந்த வகையா என்றும் கேளுங்கள். கரைப்பான் கலந்த பசையின் நெடி அறையை விட்டுப் போக வாரங்கள் ஆகலாம். எச்சரிக்கை ஒன்று: ஏற்கெனவே தயாரான சில மெத்தைகளில் தீத்தடுப்புக்காகக் கண்ணாடி இழைத் துணியை உறைக்குள் வைத்திருப்பார்கள். உறையின் லேபிளில் அப்படி எழுதியிருந்தால் வீட்டில் ஜிப்பைத் திறக்கக்கூடாது. இழை பறந்தால் அறை முழுக்க ஒட்டும், தோலும் அரிக்கும்.

லேடெக்ஸில் பெயர் மயக்கம் அதிகம். 2.5 செ.மீ. லேடெக்ஸை 12 செ.மீ. ரீபாண்டட் மேல் வைத்ததும் 'லேடெக்ஸ் மெத்தை' என்றுதான் பில்லில் வரும். எத்தனை செ.மீ. என்று கேட்காமல் இருக்காதீர்கள். இயற்கை ரப்பர் பாலா, செயற்கை ரப்பர் கலந்ததா என்பது அடுத்த கேள்வி. செய்முறை இரண்டு. டன்லப் முறையில் பாலை நுரைக்க அடித்து அச்சில் ஊற்றி வேகவைப்பார்கள். கனமானவை கீழே தங்குவதால் அடிப்பக்கம் கொஞ்சம் கெட்டியாக வரும். டாலலே முறையில் வெற்றிடத்தால் நுரையை விரிய வைத்து, உறைய வைத்து, பிறகு வேகவைப்பார்கள். அது சீராகவும் மிருதுவாகவும் இருக்கும். அடி அடுக்குக்கு டன்லப் நன்றாகவே ஒத்துவரும், டாலலே வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. கோல்ஸ் போன்ற ஆர்கானிக் சான்றிதழ் காட்டினால் அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் லேடெக்ஸ் ஆலையின் பெயர் இருக்கும். அந்த ஆலைச் சரக்கைத்தான் இந்த மெத்தையில் போட்டிருக்கிறார் என்பதற்கு அவரிடம் கொள்முதல் பில்லோ, அடுக்கின் மீது முத்திரையோ இருக்க வேண்டும். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

தென்னைநாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய காயர் பலகை காற்றோட்டம் உள்ளது, கெட்டியானது. அடி அடுக்காக 8, 10 செ.மீ. வைத்து மேலே 5 செ.மீ. லேடெக்ஸ் போட்டால் நல்ல சேர்க்கை. காயரை மட்டும் வைத்துச் செய்தால், நார் முறிய முறிய நடுப்பகுதி உட்காரும். உட்கார்ந்த காயர் திரும்ப எழாது, தூளும் கொட்டும். பஞ்சு மெத்தைக்கு ஒரு வரி போதும்: அடித்துப் புதுப்பிக்க ஆள் இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் கட்டி கட்டியாகிவிடும்.

ஸ்பிரிங் என்றால் இரண்டு வகை புழக்கத்தில். பொன்னல் வகையில் எல்லாச் சுருள்களும் கம்பியால் கோர்க்கப்பட்டிருக்கும், ஒருவர் புரண்டால் மற்றவருக்கும் ஆடும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருக்கும். இருவர் படுக்க அதுதான் சரி. கம்பியின் தடிமனைக் கேளுங்கள், மில்லிமீட்டரில். கேஜ் எண்ணில் சொன்னால், எண் கூடக்கூடக் கம்பி மெலிது என்று நினைவில் வையுங்கள். பாக்கெட் சுருளுக்கு 1.8-லிருந்து 2 மி.மீ. வரை வழக்கம். 'ஆயிரம் ஸ்பிரிங்' என்ற எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. சுருளுக்கும் ஃபோமுக்கும் நடுவில் கெட்டித் துணியோ ஃபெல்ட்டோ இருக்கிறதா, நான்கு ஓரமும் கெட்டி ஃபோம் சுவர் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். முன்னது இல்லையென்றால் கம்பி ஃபோமை அறுக்கும். பின்னது இல்லையென்றால் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பு மாட்டும் இடம் சரியும்.

யாருக்கு எவ்வளவு? பக்கவாட்டில் படுப்பவருக்கு மெது அடுக்கு 5-லிருந்து 7 செ.மீ. தேவை. மல்லாந்து படுப்பவருக்கு 4, 5 போதும். குப்புறப் படுப்பவருக்கு 3-க்கு மேல் போனால் இடுப்பு இறங்கி முதுகு வில்லாகும். எடை கூடினால் மெது அடுக்கை நீட்டுவதைவிட அடி அடுக்கை உயர்த்துவதும் இறுக்குவதும் பலன் தரும். தம்பதியில் ஒருவர் 50 கிலோ, ஒருவர் 95 கிலோ என்றால் ஒரே உறைக்குள் இடது வலதாக வேறு வேறு அடி அடுக்கு வைக்கச் சொல்லலாம். உள்ளூர்த் தயாரிப்பாளரால் இது எளிதாக முடியும்.

படுத்துப் பார்க்கும்போது வெட்கப்படாதீர்கள். உங்கள் தலையணையைக் கையோடு கொண்டுபோங்கள், வழக்கமாகப் படுக்கும் வாக்கில் பதினைந்து நிமிடம் படுங்கள். மல்லாந்த நிலையில் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி, நுழையவே இல்லையென்றால் மெது, லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. பக்கவாட்டில் படுத்ததும் கூட வந்தவரிடம் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பு ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். கடையில் கிடக்கும் மாதிரி மெத்தை பலர் படுத்துத் தளர்ந்தது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புதிது அதைவிடச் சற்றுக் கெட்டியாக வரும், பழக ஒரு மாதம் பிடிக்கும்.

கட்டிலை அளக்கும்போது உள்பக்கத்தை மூன்று இடத்தில் அளந்து, இருப்பதிலேயே சிறிய அளவை எடுத்து, அதிலிருந்து 1 செ.மீ. குறைத்துக் கொடுங்கள். மெத்தையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி 7 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஃபோம் அதற்குள் பிதுங்கும், வாரண்டியும் அதைச் சாக்காக வைத்துப் போகும். அகலக் கட்டிலுக்கு நடுவில் தரையைத் தொடும் கால் கட்டாயம். முழுப் பலகை என்றால் காற்று போகத் துளை இருக்கட்டும், இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

பில்லில் 'மெத்தை ஒன்று' என்று எழுத விடாதீர்கள். மேலிருந்து கீழாக ஒவ்வோர் அடுக்கின் பொருள், தடிமன், அடர்த்தி, உறைத் துணி, ஜிப் உண்டா, மொத்த எடை எவ்வளவு, எல்லாம் இருக்கட்டும். வாரண்டியில் ஆண்டு எண்ணிக்கையைவிட, எத்தனை மி.மீ. பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார் என்ற வரிதான் முக்கியம். பொதுவாக 25-லிருந்து 38 மி.மீ. என்று வைப்பார்கள். 25 கேளுங்கள். மெத்தையை எடுத்துப் போகும் வண்டிச் செலவு யாருடையது, கறை பட்டால் வாரண்டி போகுமா என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். பிந்தையதற்கு பதில் பெரும்பாலும் 'போகும்' என்றுதான் வரும். எனவே நீர் புகாத மேலுறை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

சுருட்டி வெற்றிடப் பையில் அடைத்துத் தந்தால், எப்போது அடைத்தது என்று கேளுங்கள். மாதக் கணக்கில் சுருண்டு கிடந்த ஃபோம் முழு உயரத்துக்கு எழாமலே போகலாம். பிரித்து இரண்டு நாள் கழித்து நான்கு மூலையிலும் நடுவிலும் உயரத்தை அளந்து, தேதியோடு பில்லின் பின்பக்கம் எழுதி வையுங்கள். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போடுங்கள். மெது அடுக்கு மேலே மட்டும் இருப்பதைக் குப்புறக் கவிழ்க்கக் கூடாது.

பள்ளம் விழுந்ததாகத் தோன்றினால், முதலில் மெத்தையைத் தரையில் போட்டு ஓர் இரவு படுங்கள். சரியாக இருந்தால் குற்றம் கட்டிலில். அப்போதும் பள்ளம் தெரிந்தால், விரிப்பை எடுத்துவிட்டு ஒரு நூலை ஒரு பக்க ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இறுக்கிப் பிடித்து, நடுவில் அளவுகோலை நிறுத்திப் படம் எடுங்கள். மெத்தைமேல் யாரும் இல்லாதபோது எடுத்த அளவைத்தான் தயாரிப்பாளர் ஏற்றுக்கொள்வார்.